செயற்கைக் கால் செய்பவரின் வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்ளுமா?

10 மே 2025, காலை (கேள்வி)

மகள் பிளஸ் டூ தேறியிருக்கிறாள். செயற்கைக் கை, கால் பொருத்தும் பட்டப்படிப்பில்தான் சேருவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். உறவினர் ஒருவர், "இன்னும் பத்து வருடத்தில் போனில் படம் பிடித்தால் போதும், 3டி பிரிண்டர் காலைச் செய்து கொடுத்துவிடும், அந்தப் படிப்புக்கு வேலையே இருக்காது" என்கிறார். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாராவது உள்ளதைச் சொல்லுங்கள். — திருச்சியிலிருந்து ஒரு தந்தை

10 மே 2025, இரவு

இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். தென் மாவட்டம் ஒன்றில் வேலை. உங்கள் உறவினர் சொல்வதில் பாதி ஏற்கெனவே நடந்துவிட்டது. மறுபாதி நடக்காது.

முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்டவருக்கு எப்படி அளவெடுக்கிறோம் என்று சொல்கிறேன். உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, எஞ்சிய காலுக்கு ஈரமான மெல்லிய உறை ஒன்றை மாட்டுவோம். காப்பியிங் பென்சிலால் எலும்பு துருத்தும் இடங்களை எல்லாம் குறிப்போம். முழங்கால் சில்லு, முன்னெலும்பின் கூர்மையான விளிம்பு, வெளிப்பக்கத்துச் சிற்றெலும்பின் தலை, எலும்பு அறுக்கப்பட்ட முனை. பிறகு மாவுக்கட்டுத் துணியை நனைத்துச் சுற்றி, அது இறுகும் வரை இரண்டு கட்டை விரல்களாலும் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணை அழுத்திப் பிடிப்போம். மற்ற விரல்கள் முழங்காலின் பின்குழியில் இருக்கும். உடம்பின் எடையைத் தாங்கக்கூடிய இடம் அது என்பதால்தான் அந்த அழுத்தம். கட்டைக் கழற்றினால் பென்சில் குறிகள் உள்பக்கம் பதிந்திருக்கும். அதற்குள் மாவைக் கரைத்து ஊற்றி, கெட்டியானதும் மேல் ஓட்டை உரித்தால் நேர் அச்சு கிடைக்கும். எடை தாங்கும் இடங்களை அரத்தால் தேய்த்துக் குறைப்போம். வலிக்கும் இடங்களில் மாவு பூசி மேடாக்குவோம். அந்த அச்சின்மேல் வார்ப்பதுதான் சாக்கெட், எஞ்சிய கால் உள்ளே போய் உட்காரும் கிண்ணம். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் பெர்க்லியில் வகுத்த முறை, இன்றும் பாதி உலகம் இதில்தான் நடக்கிறது.

ஸ்கேனர் இதில் உருவத்தைப் பிடிக்கும். சில நிமிட வேலை. அச்சைத் திருத்துவதைக் கணினித் திரையில் செய்யலாம். கடைசல் இயந்திரமோ பிரிண்டரோ மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஸ்கேனர் பார்ப்பது தோலை மட்டும். அடியில் எங்கே சதை குழைகிறது, எங்கே தழும்பு எலும்போடு ஒட்டிக்கிடக்கிறது, அறுபட்ட நரம்பின் முடிச்சு எங்கே தொட்டால் சுளீர் என்று இழுக்கிறது என்பதெல்லாம் அதற்கு எட்டாது. அதை விரலால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

மகள் சேரட்டும். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கரை ஆண்டு. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் உள்ள கல்லூரியா என்று முதலில் பாருங்கள். பட்டறையில் எத்தனை நோயாளிகளை மாணவர்களே நேரடியாகக் கவனிக்கிறார்கள் என்று அடுத்ததாகக் கேளுங்கள். கட்டடத்தையும் கணினி அறையையும் காட்டி அனுப்பப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

11 மே 2025

"அப்படியானால் ஸ்கேனர் வீண் செலவு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. நானே பயன்படுத்துகிறேன். மாவுத் தூசி குறைந்திருக்கிறது. மலைக் கிராமத்திலிருந்து வருபவரை மறுபடி அலையவிடாமல், அங்கே போகும் பணியாளரிடம் ஸ்கேன் எடுத்து அனுப்பச் சொல்ல முடிகிறது. எல்லாவற்றையும்விட, கோப்பு அழியாது. மாவு அச்சைச் சாக்கெட் எடுக்கும்போதே உடைத்துவிடுகிறோம். செயற்கைக் காலை ரயிலில் தொலைத்துவிட்டு வருபவருக்குப் பழைய அச்சு கிடையாது, மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். கோப்பு இருந்தால் அதைத் திறந்து, இப்போதைய சுற்றளவுகளை ஒப்பிட்டு, மாற்றவேண்டியதை மட்டும் மாற்றலாம்.

வளரும் குழந்தைகளுக்கு இது பெரிய வரம். பழைய உருவத்தையும் புதிய உருவத்தையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் எலும்பு எந்தப் பக்கம் வளர்ந்து முட்டுகிறது என்று தெரிகிறது. பெற்றோரும் அதைப் பார்க்கிறார்கள். ஏன் மறுபடி வரச் சொல்கிறோம் என்று அதற்குப் பிறகு அவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

13 மே 2025

விரலைப் பற்றி எழுதியதை இன்னும் கொஞ்சம் நீட்டவேண்டும். தொடுவது மட்டும் போதாது. எப்போது தொடுகிறோம் என்பதும் இருக்கிறது.

சர்க்கரை நோயில் காலை இழந்து, சிறுநீரகமும் பழுதாகி, வாரந்தோறும் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவர் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். முன்னாள் பஸ் நடத்துநர். சாக்கெட் சில நாள் உள்ளேயே போகாது. சில நாள் கால் தொளதொளவென்று உள்ளே இறங்கி, அறுபட்ட முனை அடியில் இடிக்கும். செய்தவர்கள் சரியில்லை என்றுதான் வீட்டில் சொன்னார்கள். கேட்டுப் பார்த்ததில் விஷயம் எளிது. டயாலிசிஸுக்கு முந்தைய நாள் உடம்பில் நீர் கோத்து எஞ்சிய கால் வீங்கியிருக்கிறது. நீரை எடுத்த மறுநாள் வற்றிவிடுகிறது. எந்த நாளில் ஸ்கேன் எடுத்தாலும் அது அந்த நாளின் கால் மட்டுமே.

அவருக்கு வற்றிய நாளுக்கும் வீங்கிய நாளுக்கும் இடைப்பட்ட ஓர் அளவில் சாக்கெட் செய்து, உறைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக் குறைக்கக் கற்றுக்கொடுத்தோம். எந்தக் கிழமைக்கு எத்தனை உறை என்று அவர் மனைவி காலண்டரிலேயே எழுதிவைத்துக்கொண்டார். அளவு துல்லியமாக எடுப்பது தொழிலின் ஒரு பகுதிதான். அந்த அம்மாள் காலண்டரில் எழுதும் வரை உட்கார்ந்து பேசுவது இன்னொரு பகுதி. அதற்கு எந்த மென்பொருளும் இன்னும் வரவில்லை.

டயாலிசிஸ் இல்லாதவர்களுக்கும் சொல்கிறேன். அறுவை முடிந்து ஓராண்டு, சிலருக்கு ஒன்றரை ஆண்டு வரை கால் சுருங்கிக்கொண்டேதான் இருக்கும். ஒரே நாளுக்குள்ளேயே காலையில் இறுக்கமாக இருந்தது மாலையில் தளரும். முதல் சாக்கெட் நிலையானது இல்லை என்று தெரிந்துதான் கொடுக்கிறோம்.

14 மே 2025

இயந்திரக் கை காணொளிகளைப் பதிவிட்டுக்கொண்டே இருக்கும் தம்பிக்கு: அவை அனைத்தும் உண்மையான சாதனைகள், குறைத்துப் பேசமாட்டேன். சிகாகோவில் டாட் குய்க்கன் குழுவினர் 2002-இல், துண்டான கை நரம்புகளை மார்புத் தசைக்குத் திருப்பி இணைத்து, கையை மூடவேண்டும் என்று நினைத்தாலே இயந்திரக் கை மூடும்படி செய்தார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஒரு நிறுவனம் 2018-இல் 3டி பிரிண்டரில் செய்த 'ஹீரோ ஆர்ம்' என்ற இயந்திரக் கையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குழந்தைகள் அதை மறைக்காமல் பெருமையாக மாட்டிக்கொள்கிறார்கள். அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் எங்கள் வாசலில் நிற்பவர்களில் பெரும்பாலோர் காலை இழந்தவர்கள். சர்க்கரை நோய், சாலை விபத்து, தண்டவாளம். கை, கோப்பையைப் பிடித்தால் போதும். கால் அன்றாடம் முழு உடம்பையும் ஆயிரக்கணக்கான அடிகளுக்குச் சுமக்கவேண்டும். கால் உறுப்புகளுக்கான ஐ.எஸ்.ஓ. 10328 தரச் சோதனையில் ஓர் உறுப்பை 30 இலட்சம் முறை அழுத்தி எடுக்கிறார்கள். அடுக்கடுக்காகப் பிரிண்ட் செய்த பிளாஸ்டிக், அடுக்குகள் ஒட்டிய கோட்டிலேயே பிளந்துகொள்ளும் குணம் உடையது. பார்க்க அழகாக இருப்பதால் வலுவாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

17 மே 2025

"புதிய தொழில்நுட்பம் எல்லாம் வெளியிலிருந்துதான் வரும், நாம் வாங்கிப் பொருத்துபவர்கள்தானே?" என்று கேட்டிருக்கிறார் கும்பகோணத்து நண்பர். கோபம் வருகிறது. ஜெய்ப்பூர் கால் எங்கே பிறந்தது?

1960களின் இறுதியில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில், வெளிநாட்டுப் பாணிச் செயற்கைப் பாதத்தை வாங்கிப் போனவர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலோடு திரும்பி வந்தார்கள். அந்தப் பாதத்துக்குச் செருப்போ ஷூவோ வேண்டும். குந்தி உட்கார முடியாது, வயலில் இறங்க முடியாது, கோயிலுக்குள் போக முடியாது. ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர், பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர், ரப்பரை அச்சில் வேகவைத்து, வெறுங்காலாகவே நடக்கக்கூடிய, எல்லாப் பக்கமும் வளையும் பாதத்தை உருவாக்கினார். எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தி கூடவே நின்று திருத்தினார். சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது. அந்தப் பாதத்தை இலட்சக்கணக்கானோருக்கு இலவசமாகக் கொண்டுசேர்த்தது 1975-இல் டி.ஆர். மேத்தா தொடங்கிய அமைப்பு.

அடுத்தது நம் ஊர். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாகி 2022-இல் வெளிவந்த 'கதம்' முழங்கால். பல சுழல்புள்ளிகளில் மடங்குவதால் காலை வீசும்போது தரையில் இடறுவது குறைகிறது. 160 பாகை வரை மடங்கும். நெரிசலான பஸ்ஸில், ஆட்டோவில் காலை மடக்கி உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த எண்ணின் அருமை தெரியும்.

இரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். நோயாளி எப்படி வாழ்கிறார் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள்தான் என்ன செய்யவேண்டும் என்று சொன்னார்கள். மகளை இந்தப் படிப்புக்கு அனுப்பச் சொல்வதில் எனக்கு இருக்கும் பெரிய ஆசை அதுதான். கருவி செய்யும் மேசையில் நம் ஆட்கள் உட்காரவேண்டும்.

18 மே 2025

மின்சாரம் போனால் கதம் முழங்கால் நின்றுவிடுமா என்று கேட்டவருக்கு: நிற்காது. அதில் பேட்டரியே கிடையாது.

21 மே 2025

நேற்று ஒரு சகோதரி எழுதியது என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது. முழங்காலுக்கு மேல், தொடையில் கால் எடுக்கப்பட்டவர். "விரலைப் பற்றி இவ்வளவு உயர்வாக எழுதுகிறீர்கள். முன்பின் தெரியாத ஆண் என் இடுப்புக்குக் கீழ் மாவுக்கட்டு போட்ட அந்த நாளை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. ஸ்கேனர் வந்தபோது அழுதேவிட்டேன்" என்கிறார்.

அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. தொடைச் சாக்கெட்டின் மேல்விளிம்பு உட்காரும் எலும்பைப் பிடித்து நிற்கவேண்டும். மாவுக்கட்டில் அளவெடுக்க அங்கே கை போயே ஆகவேண்டும். அரைத் தடுப்புத் திரைக்குப் பின்னால், ஒரு பெண் பணியாளர்கூட இல்லாத மையங்களில், எத்தனை பெண்கள் அரைகுறையாக அளவு கொடுத்துவிட்டுப் போய், பொருந்தாத காலைப் பரணில் போட்டிருப்பார்கள்! தொடாமல் அளவெடுக்கும் கருவி அவர்களுக்கு மரியாதையைத் திருப்பிக் கொடுக்கிறது. விரலின் பெருமையைப் பேசும்போது யாருடைய விரல் என்பதையும் சேர்த்துத்தான் பேசவேண்டும். பெண்கள் இந்தத் தொழிலுக்கு இன்னும் நிறைய வரவேண்டும். திருச்சி ஐயா, இதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு தொடர்புள்ள ஒன்று. பூ கட்டி விற்கும் ஒரு அக்காவுக்குத் தொடைக்கால் பொருத்தினோம். நடை நன்றாகவே வந்தது. அவர் முகம் மட்டும் தெளியவில்லை. விசாரித்தால், "நடக்கிறது இருக்கட்டும் அம்மா, நான் நாள் முழுக்க உட்கார்ந்துதானே பூ கட்டுகிறேன்" என்றார். சம்மணம் போட முடியவில்லை, காலை நீட்டி உட்கார்ந்தால் நடைபாதையில் போகிறவர்கள் இடறுகிறார்கள். முழங்காலுக்கு மேலே சுழலும் இணைப்பு ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தினால் கீழ்க்காலை அப்படியே பக்கவாட்டில் திருப்பிச் சம்மணமிடலாம். அதைச் சேர்த்தோம். சாக்கெட்டின் உள்விளிம்பைத் தரையில் உட்காரும்போது குத்தாதபடி சற்று இறக்கினோம். சோதனைக்காக அவர் எங்கள் பட்டறைத் தரையிலேயே உட்கார்ந்து ஒரு முழம் கட்டிக் காட்டினார்.

25 மே 2025

இயந்திரம் யாருடைய வேலையை முதலில் எடுக்கும் என்பதை இதுவரை யாரும் கேட்கவில்லை. நானே எழுதிவிடுகிறேன்.

பட்டம் வாங்கிய என் வேலையை இல்லை. பட்டறையில் அச்சைச் செதுக்கும் டெக்னீஷியனின் வேலையை. எங்களிடம் இருக்கும் மூத்தவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அச்சைக் கையில் எடுத்துப் பார்த்தே, "இவர் வெளிப்பக்கம் சாய்ந்து நடப்பார், இந்த ஓரத்தைக் கொஞ்சம் உயர்த்திவிடலாம்" என்பார். திரையில் அந்த வேலையைச் செய்யும்போது அவர் பின்னால் நின்று பார்க்கிறார். மவுஸ் பிடிக்க அவருக்குக் கை வரவில்லை. அதனால் அவர் அறிவு குறைந்துபோய்விடவில்லை, அதை வாங்கிக்கொள்ளும் வழி அந்த மென்பொருளில் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் வெளியிட்ட தரநெறிகள் பத்து இலட்சம் மக்களுக்கு 5 முதல் 10 நிபுணர்கள் தேவை என்கின்றன. 2011 கணக்கெடுப்பின் 7.2 கோடியை வைத்தே பார்த்தாலும் தமிழ்நாட்டுக்கு 360 முதல் 720 பேர் வேண்டும். அவர்களுக்குத் துணையாக அதைவிட அதிகமான டெக்னீஷியன்கள். ஆக வேலை இல்லாமல் போகும் என்பது வெற்றுப் பயம். வேலையின் இடம் மாறும். அரத்தோடு இருந்தவர்களை நடைப் பயிற்சிக்கும், சரிபார்ப்புக்கும், வீட்டுக்கே போய்ப் பழுது நீக்குவதற்கும் மாற்றிப் பழக்கவேண்டும். அந்தச் செலவை யார் ஏற்பது என்று இப்போதே பேசாவிட்டால் அண்ணன் போன்றவர்கள் சத்தமில்லாமல் வெளியே போய்விடுவார்கள்.

27 மே 2025

அண்ணனைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: இப்போது நான் திரையில் திருத்துவேன், அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்கே எவ்வளவு என்று சொல்வார். வேலை முன்னைவிட நன்றாக வருகிறது.

3 ஜூன் 2025

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியவருக்கு. உங்கள் ஊரின் ஜெய்ப்பூர் மையம் 1987 முதல் இயங்குகிறது. போர் நடக்கும்போது பொருள் வராது, மின்சாரம் இராது, கண்ணிவெடியில் கால் போனவர்கள் மட்டும் வந்துகொண்டே இருப்பார்கள். அந்த நிலையில் காலைக் கொடுத்தவர்களிடம் தொழில்நுட்பம் என்றால் என்ன என்று நாங்கள் பாடம் கேட்கவேண்டும். சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி வார்க்கும் முறையைப் பரப்பியதும் இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான். மலிவு, ஈரம் தாங்கும், உடைந்தால் அங்கேயே பழுது பார்க்கலாம். கொழும்புக்கு அருகே ராகமையில் 2004-இல் தொடங்கிய, எங்கள் தொழிலுக்கான பயிற்சிப் பள்ளியைப் பற்றியும் நீங்கள் எழுதினால் பலருக்குப் பயன்படும்.

9 ஜூன் 2025

சாக்கெட்டே வேண்டாம், எலும்புக்குள் டைட்டேனியம் தண்டைப் பொருத்தி நேரடியாகக் காலை மாட்டலாமே என்று கேட்ட பொறியாளருக்கு: ஆம், ஸ்வீடனில் 1990-இலேயே தொடை எலும்பில் செய்துவிட்டார்கள். என் தொழிலுக்கு உண்மையான போட்டி பிரிண்டர் இல்லை, அதுதான். சாக்கெட் புண்ணால் அவதிப்பட்ட ஒருவர் அதன்பின் தரையின் கரடுமுரடையே உணர முடிகிறது என்கிறார் என்றால் நான் மகிழ்ச்சியோடு ஒதுங்கி நிற்பேன். ஆனால் தண்டு தோலைத் துளைத்து வெளியே வரும் இடம் காலம் முழுவதும் திறந்த வாசல். தொற்று வராமல் காக்கவேண்டும். கட்டுப்படாத சர்க்கரையும் கெட்ட இரத்த ஓட்டமும் உள்ளவர்களைப் பொதுவாக இதற்கு எடுப்பதில்லை. எங்கள் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பகுதி அவர்கள்தான்.

சிறு கணினி பொருத்திய மைக்ரோபிராசசர் முழங்காலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1997-இல் வந்த சி-லெக், நொடிக்கு ஐம்பது முறை காலின் நிலையை அளந்து ஹைட்ராலிக் தடையை மாற்றியது. கால் இடறினால் சட்டென்று இறுகும், விழுவது குறையும். விலை பல இலட்சம். அதைப் பொருத்துபவர் ஸ்பேனரோடு லேப்டாப்பையும் திறக்கவேண்டும். இப்போது வரும் சில மூட்டுகள் அன்றாடம் எத்தனை அடி நடந்தார் என்றுகூடச் சேமித்துவைக்கின்றன. தினமும் போடுகிறேன் என்று சொன்னவரின் கால் வாரக்கணக்கில் மூலையில் நின்றது அதில் தெரிந்துவிடுகிறது. அந்த எண்ணை வைத்து அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தக் கூடாது. ஏன் போடவில்லை என்று கேட்பதற்குத்தான் அது. பெரும்பாலும் பதில் ஒரு புண், அல்லது பஸ் படியின் உயரம்.

15 ஜூன் 2025

எனக்கு உண்மையில் பயம் தருவது எது என்பதை எழுதிவிடுகிறேன்.

ஒருமுறை இலவச முகாம் ஒன்றுக்குப் போயிருந்தேன். காலையில் அளவு, மாலையில் கால், நடுவில் மேடை, பொன்னாடை, புகைப்படம். கொடுத்தவர்களின் மனதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வரிசையில் ஒரு தாத்தா அறுவைத் தையல் பிரித்துச் சில வாரமே ஆனவர். அவர் கால் இன்னும் சுருங்கவேண்டும். மூன்று மாதம் கழித்து அந்தச் சாக்கெட் அவருக்குத் தொளதொளக்கும், புண் வரும், சர்க்கரைக்காரரின் புண் மறுபடி கத்திக்குப் போகும். அப்போது யாரிடம் போவார்? முகாம் நடந்த மண்டபத்தில் கல்யாணம் நடந்துகொண்டிருக்கும்.

ஸ்கேனரும் பிரிண்டரும் இந்த முதல் நாளை இன்னும் வேகமாக்கும். எங்கோ ஒரு நகரத்தில் கால் தயாராகிக் கூரியரில் வந்துவிடும். அதனாலேயே இரண்டாம் வருகையும் மூன்றாம் வருகையும் தேவையில்லை என்று கணக்குப் போடுபவர்கள் நினைத்துவிடுவார்கள். இயந்திரம் என் வேலையை எடுக்காது. அதைக் காரணம் காட்டி ஒரு விலைப்புள்ளிப் படிவம் எடுத்துவிடலாம். ஒரு காலுக்கு இவ்வளவு என்று விலை போடும் இடத்தில், ஓராண்டுக்குள் குறைந்தது மூன்று சரிபார்ப்பும் ஒரு சாக்கெட் மாற்றமும் அந்த விலையிலேயே அடங்கவேண்டும் என்று ஒரு வரி சேர்க்கவேண்டும். மாற்றுத்திறனாளிகள் சங்கங்களில் இருப்பவர்கள் குறைதீர் கூட்டங்களில் இதை எழுத்தில் கொடுங்கள். எங்கள் துறைக்காரர்கள் கேட்டால் பிழைப்புக்குக் கேட்பதாக நினைப்பார்கள். காலைப் போடுபவர்கள் கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

16 ஜூன் 2025

சாக்கெட்டுக்குள் காலில் மாட்டும் சிலிகான் லைனர் உறைக்குள் வியர்த்து அரிக்கிறது என்று எழுதிய சிவகாசி நண்பருக்கு. தினமும் இரவில் லைனரை உள்பக்கம் வெளியே புரட்டி, மணம் இல்லாத மிதமான சோப்பில் கழுவி, நிழலில் காயவையுங்கள். பவுடர் போடாதீர்கள். மதியம் ஒருமுறை கழற்றிக் காலையும் லைனரையும் துடைத்துவிட்டு மாட்டுங்கள். சிவந்த இடம் கழற்றிப் பத்து நிமிடத்துக்குள் மறையாவிட்டால் அங்கே அழுத்தம் அதிகம் என்று பொருள். தோல் உரிந்திருந்தால் அன்றைக்குக் காலைப் போடவேண்டாம். அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, கால் செய்து கொடுத்த மையத்துக்குப் போய் அப்படியே காட்டுங்கள்.